ஸ்டெல்லா டீச்சரின் சண்டைக்கார மீன்கள்

ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியை ஆசிரியர் அறையில் எங்களுக்குச் சொன்னது வாசலோரம் உட்காரும் புது டீச்சர் மேகலா. அவர் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்ததே இல்லை. நான் அப்போது ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் திருநகர் வீட்டு மீன்தொட்டி நினைவிருக்கும். அதிலிருந்தவை ஆரட்டஸ் என்ற ஆப்பிரிக்க ஏரி மீன்கள். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு அழகாக இருக்கும், குணம் மட்டும் படுமோசம். "எங்க தெரு போர் தண்ணியில பருப்பு வேகாது. இதுகளுக்கு அந்த உப்புத் தண்ணிதான் ஒத்துக்கிடுது" என்பார்.

ஒருமுறை நான் போனபோது, புதிதாக வாங்கிய மீன்களைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, முழங்கை நனையக் கற்களை எல்லாம் கலைத்து இடம் மாற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"பழைய மீனு ஒவ்வொண்ணும் ஒரு பொந்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அப்படியே புதுசை விட்டா கடிச்சே கொன்னுரும். கல்லைக் கலைச்சிட்டா எல்லாமே புது ஆளுதான்."

ஆசிரியர் அறையிலும் அவர் அதையே செய்தவர். நான் வேலையில் சேர்ந்த அன்று எங்கே உட்காரப் போனாலும் "இது இன்னாரு இடம்" என்றார்கள். மறுநாள் பார்த்தால் மேசைகள் எல்லாம் திசை மாறிக் கிடந்தன. சண்டைக்கு வந்தவர்களிடம், "கூட்டிப் பெருக்கினோம், மாறிப்போச்சு" என்று முகம் மாறாமல் சொன்னார். எனக்கு ஜன்னலோரம் வாய்த்தது அப்படித்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு மேகலா வந்தார். நான் அசையவில்லை. காற்று வருகிற இடத்தை விட மனசில்லை, வேறு காரணம் ஒன்றுமில்லை. கதவுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் உட்கார்ந்து, மடியில் வைத்து விடைத்தாள் திருத்தினார் மேகலா.

உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை நான் பார்க்கப் போனபோதும், ஸ்டெல்லா டீச்சர் மறக்காமல் கேட்டார். "புதுசா வந்த பிள்ளைக்கு மேசையை மாத்திப் போட்டீகளா?"

"போட்டாச்சு டீச்சர்" என்றேன்.

"நீ இருக்கேல்ல, பாத்துக்கிருவ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மீன்களை என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தாராம். தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு புது மீன்கள் வாங்கினேன். பார்க்க வந்த மேகலா பையைப் பிடித்துக்கொள்ள, நான் கற்களைக் கலைத்து அடுக்கினேன். எதற்கு என்று அவரும் கேட்டார். ஸ்டெல்லா டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மேகலா பையைத் தொட்டிக்குள் திறந்துவிட்டார். புது மீன்களை எதுவும் துரத்தவில்லை.

"அம்புட்டுத்தானா டீச்சர்?" என்றார்.

ஸ்டெல்லா டீச்சரின் மீன்கள் என்னிடம் நன்றாக இருக்கின்றன. நாளைக் காலையில் அந்த ஜன்னலோரத்தில் எப்படிப் போய் உட்காருவேன் என்றுதான் தெரியவில்லை.