ரெடி என்று சொல்லும் இடம்

1. வவுணதீவுப் பக்கம் வயல் செய்யும் ஓர் அக்கா, நின்றுபோன நீர்ப்பம்பியை ஆட்டோவில் ஏற்றி, நான் வேலை செய்யும் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.
2. தேய்ந்துபோன ரப்பர் சீல் ஒன்றை மாற்றினேன்.
3. பட்டறைப் பீப்பாய்க்குள் குழாயை விட்டு ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இறைத்தது.
4. "ரெடியா புள்ள?" என்று அக்கா கேட்டார்.
5. "இன்னும் இல்ல அக்கா" என்றேன்.

ஐந்தாவதுதான் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "தண்ணி கொட்டுது. இதுக்கு மேல என்ன ரெடி? நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அறுவடையே முடிஞ்சிரும்" என்றார்.

பாடசாலையில் இந்தச் சொல் வேலைக்கு முன்னால் வந்தது. ஓட்டப் போட்டியில் கோட்டில் நிற்பவர்களுக்குச் சொல்வது அது. எங்கள் பக்கத்தில் அது எங்கேயும் வரும். தையற்கடையில் கத்தரிக்கோலே படாத துணி "ரெடியாகுது". கல்யாண வீட்டில் அரிசி கழுவும்போதே சோறு "ரெடி". இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். காத்திருப்பவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது அது. நானும் வீட்டில் தலை வாராமலே "ரெடி" என்று குரல் கொடுப்பவள்தான். பம்பிக்கு மட்டும் அப்படிச் சொல்வதில்லை. பீப்பாயில் இருப்பது குழாய்த் தண்ணீர், வாய்க்காலில் இருப்பது வேறு.

அக்காவின் நெல் குடலைப் பருவத்தில் இருந்தது. கதிர் உள்ளே உருவாகும் நாட்கள். இப்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். அந்த வயல் வட்டையில் வாய்க்காலிலிருந்து யார் எப்போது இறைப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். அக்காவின் முறை அன்று பின்னேரத்தோடு முடிகிறது. அடுத்த முறை வரும்வரை பயிர் தாங்காது. பம்பியோடு நானும் ஆட்டோவில் ஏறினேன்.

வாய்க்கால் ஓரத்தில் பம்பியை இறக்கி ஓட்டினோம். தண்ணீர் பாய்ந்தது, பிறகு மெலிந்தது, பிறகு நின்றேவிட்டது. உறிஞ்சு குழாயை இழுத்துப் பார்த்தேன். அதன் வாய் முழுக்க, நீரில் மிதக்கும் களையான சல்பீனியாப் பூண்டின் வேர். பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டினேன். திரும்பவும் அடைத்தது.

அக்கா வரம்பில் குந்திவிட்டார். "என்ட முறை இதோட போச்சு."

பூண்டு மிதந்துகொண்டே வரும். அதைக் குழாயின் வாய்க்குக் கிட்ட விடாமல் தூரத்திலேயே மறிக்க வேண்டும்.

"அக்கா, வீட்டில என்ன வலை கிடக்கு?"

"நண்டு வலை, இறால் வலை. ஏன், மீன் பிடிக்கப் போறியா?"

"இறால் வலையில ஒரு துண்டும், பெரிய பிளாஸ்டிக் கூடை ஒண்டும் கொண்டு வாங்க."

"வலைய வெட்டினது தெரிஞ்சா என்ட வீட்டுக்காரர் என்னைத்தான் ஆத்துக்குள்ள விடுவார்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

குழாயின் வாயைக் கூடைக்குள் வைத்து, கூடையைச் சுற்றி வலையைக் கட்டி இறக்கினோம். பூண்டு வலையில் ஒட்டியது. ஆனால் கூடை அகலமானது, தண்ணீர் மற்றப் பக்கங்களால் நுழைந்தது. அக்கா ஒரு தடியால் பூண்டைத் தள்ளியபடியே நின்றார். வெயில் தணிந்து, அடுத்த முறைக்காரர் தன் பம்பியோடு வந்து நிற்கையில், வரம்பு சூழ்ந்த கடைசி வரவைக்குள்ளும் தண்ணீர் ஏறியிருந்தது.

"இப்பவாவது சொல்லுவியா புள்ள?"

"ஓம் அக்கா. ரெடி."

அடுத்தவர் எங்கள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை அப்பிடியே விட்டுட்டுப் போங்க அக்கா" என்றார்.

இப்போது கதிர் வெளியே வந்துவிட்டது. முன்பே காய்ந்திருந்த மேட்டு மூலையில் பதர் அதிகம். மற்ற வரவைகளில் கதிர் சாயத் தொடங்கியிருக்கிறது. அக்கா நெல் வெட்டும் மிசினுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.