அரியலூரிலிருந்து வந்த நாடாளுமன்றம்

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. சென்ற சனிக்கிழமை இந்திய நாடாளுமன்றம் அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்தில் வந்து சேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

டெல்லியில் 1927இல் திறந்த வட்டக் கட்டடத்தைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில், அரியலூர்ப் பள்ளி ஒன்றில் நடந்த கண்காட்சிக்காக நானும் லப்பைக்குடிக்காட்டு இர்ஃபானும் அதைத் தெர்மக்கோலில் செய்தோம். சைக்கிள் சக்கர அகலம். அசலைப் போலவே சுற்றிலும் 144 தூண்கள், அத்தனையும் எங்கள் பெரம்பலூர்ப் பள்ளி வகுப்பறைகளில் நான் கையகப்படுத்திய சாக்பீஸ். ஒரு வாரம் எந்த வாத்தியாராலும் போர்டில் எழுத முடியவில்லை. அந்த ஆனந்தம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது! ஒட்டிய கையும் அடியேனுடையதே. இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு, அதை அரியலூர்ப் பள்ளியிலேயே விட்டுவந்தோம். சில மாதங்களில் டெல்லியில் முக்கோணமாகப் புதுசு திறந்துவிட்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளியில் பழைய சாமான்களைக் கழிக்கிறார்களாம். இர்ஃபான் வியாழக்கிழமை குடும்பத்தோடு கத்தார் போகிறான். "போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும் மாப்ள" என்றான்.

காலை 9.10 பஸ். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய், ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினால் பத்து நிமிடம் கூடுதல்.

பள்ளி உதவியாளர் அறையைத் திறந்தார். "இதுக்கா வந்தீங்க? திங்கக்கெழம வந்திருந்தா குப்பையிலதான் பாத்திருப்பீங்க. தூக்கிட்டுப் போங்கப்பா."

சுவரோரம் இருந்தது. இர்ஃபான் நெருங்குவதற்குள், நானும் எட்டிப் பார்க்காமல், என் துண்டால் பின்பக்கத்தைச் சுற்றினேன். அதை அவன் பார்த்துவிடக் கூடாது.

"ஏன்டா மூடுற?"

"தூசிடா."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார். "என்ன தம்பி இது, கேக்கா?"

"பார்லிமெண்ட்ணே."

"உள்ள எத்தன பேரு? எல்லாருக்கும் டிக்கெட் எடு" என்று துண்டை உருவிவிட்டார்.

எட்டிப் பிடிக்கப் பார்த்தேன்; முடியவில்லை. கண்காட்சிக்கு முந்தின சாயங்காலம், "பின்பக்கம் நான் ஒட்டிக்கிறேன், நீ வூட்டுக்குப் போ" என்று இர்ஃபானை அனுப்பிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனவன் நான். சுவர்ப்பக்கம்தானே, எவன் பார்க்கப் போகிறான்?

ஆனால் அங்கே தூண்கள் இருந்தன. எழுபத்திரண்டு, நூல் பிடித்தாற்போல.

"மறுநா காலையில ஆறு மணிக்கே ஸ்கூலுக்கு வந்து ஒட்டிட்டேன்" என்றான் இர்ஃபான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஏன்டா சொல்லல?"

"நீ ஊரு பூரா நூத்திநாப்பத்திநாலுன்னு அளந்துவுட்டுட்டே. கணக்கு சரியா இருக்கணும்ல?"

ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: எந்தக் கட்டடத்தையும் ஒரு தடவை பின்பக்கமும் போய்ப் பாருங்கள். நாடாளுமன்றம் இப்போது என் அலமாரி மேல் இருக்கிறது, பின்பக்கம் முன்னால் தெரியும்படி. திருப்பி வைத்தால் பன்னிரண்டு தூண்கள் கோணலாக நிற்கும்.

அந்தப் பன்னிரண்டு மட்டும்தான் நான் ஒட்டியது.