சாம்பல் முதுகுகள்

இன்று காலை தூரிகையைத் தேநீரில் கழுவிவிட்டேன். தண்ணீர் இடப்பக்கம், தேநீர் வலப்பக்கம் என்று ஒழுங்கு வைத்திருந்தும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடந்துவிடுகிறது. தெரியாமல் அதைக் குடித்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மனைவி பேஸ்மென்ற் படியில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"உது எத்தினையாவது கோப்பை? சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஆளுக்கு உது என்ன விளையாட்டப்பா?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதே கேள்விதான். ஊரில் சண்டையைக் கண்டு ஓடினேன், இங்கே வந்து காசு கொடுத்துப் பொம்மைச் சண்டை வாங்கினேன். ஆனால் சூடான தேநீரில் பெயின்ற் கரையும்போது ஒரு மணம் எழும். அது என்னை நேரே மல்வேர்னில் ஒன்பதாம் மாடிக்கு, பழைய கூட்டாளி ஜூட்டின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

ஜூட் மன்னார்க்காரன். என் வயதுதான். நாங்கள் இருவரும் ஒரு பிளாஸ்ரிக் கொம்பனியில் மெஷினில் நின்றோம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவன் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து ஒரு போர்வீரனை எடுத்து வைத்தான். சுண்டுவிரல் உயரம். சிவப்புப் போர்வை, இடுப்பில் வாள், கண்ணில் வெள்ளை விழி கூட இருந்தது. நான் சாப்பிட மறந்துபோனேன். கடையில் வாங்கும்போது இவர்கள் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டுகள்தான். வெட்டி ஒட்டி, நாமே நிறம் தீட்ட வேண்டும் என்றான். பிறகு மேசையில் அணிவகுத்து, தாயக்கட்டை உருட்டி, அளவுநாடாவால் தூரம் அளந்து சண்டை பிடிக்கலாம். சனிக்கிழமை வா என்று கூப்பிட்டவன் ஒரு நிபந்தனையும் போட்டான்.

"பெயின்ற் அடிக்காத ஒருத்தனும் என்ர மேசையில ஏறப்படாது. சரியோ?"

"ஓம்" என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

அறுபது ஈட்டிக்காரர்களை வாங்கினேன். எட்டு மணிநேரம் மெஷினில் நின்ற கை தூரிகையைப் பிடித்தால் சும்மா இருக்குமா? முகம் ஒரு பயறு அளவு. அதில் கண் வைத்தால், ஒரு கண் கிழக்கே ஏஜக்ஸைப் பார்க்கும், மற்றக் கண் மேற்கே எற்றோபிக்கோவைப் பார்க்கும். ஐந்து பேரை முடிக்க ஒரு மாதம் போனது. இந்த வேகத்தில் மேசைக்கு வர ஒரு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டபோது உண்மையிலேயே கலங்கிப்போனேன். அப்போது நான் தனிக்கட்டை. வோபர்னில் ஒரு பேஸ்மென்ற் அறை. வாரம் முழுவதும் என்னோடு பேசுவது பிரிட்ஜ் மட்டும்தான். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு வேண்டியிருந்தன.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. எதிரே இருப்பவனுக்கு முன்பக்கம் மட்டும்தானே தெரியும்? மிச்சப் பேருக்கு முன்பக்கம் மட்டும் அவசர அவசரமாக நிறம் தீட்டினேன். முதுகெல்லாம் சாம்பலாகவே விட்டேன். மூன்று கிழமையில் படை தயார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. என் படை பின்வாங்க முடியாது. திரும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் எந்த அடி விழுந்தாலும் முன்னேறினேன். தாயக்கட்டை 'ஓடு' என்று சொன்னால், "எல்லாரும் செத்திட்டாங்கள்" என்று அள்ளி ஜாக்கெற் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜூட் மேசையில் தட்டிச் சிரிப்பான்.

"நீ வீரன்ரா மச்சான்! ஓட்டம் எண்டா என்னெண்டே தெரியாது உனக்கு."

ஊரில் நான் ஓடிய ஓட்டம் எனக்கல்லவா தெரியும். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அநேகமாகத் தோற்றேன். அவன் தேநீர் போட எழும்பும்போதெல்லாம் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, படையின்மேல் கவிழ்ந்துகொள்வேன். குசினிக்குப் போகும் வழி என் முதுகுப் பக்கமாக இருந்தது. மூன்று வருடம் இப்படியே போனது.

பிறகு அவனுக்கு, விமானத்தில் நாலு மணிநேரம் தள்ளியிருக்கும் எட்மன்டனில் வேலை கிடைத்தது. கடைசிச் சனிக்கிழமை வீடெல்லாம் பெட்டிகள். மேசை மட்டும் கட்டப்படாமல் நின்றது. படைகளை அடுக்கி முடித்ததும் ஜூட் எழும்பினான்.

"இண்டைக்கு இடம் மாறுவம். உன்ர படையை நான் நடத்திறன். நீ என்ர படையை எடு."

இடம் மாறினால் முதுகுகள் அவன் பக்கம் போய்விடும். மறுக்கவும் வழியில்லை. எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். என் அறுபது பேரும் அணிவகுத்து நிற்பதை முன்னாலிருந்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கண்கள் கோணல்தான். ஆனாலும் அழகாக இருந்தார்கள். ஜூட் ஒரு ஈட்டிக்காரனை விரலால் மெதுவாகத் திருப்பினான். சாம்பல் முதுகு என்னைப் பார்த்தது.

"முதல் மாசமே கண்டனான்" என்றான். "தேத்தண்ணி போடப் போகேக்க உன்ர பக்கத்தாலதானே போறனான்?"

"பிறகேன்ரா சொல்லேல்லை?"

"சொன்னா நீ பெயின்ற் அடிக்கவெண்டு ரெண்டு மாசம் வரமாட்டாய். நான் சனிக்கிழமையில ஆரோட இருக்கிறது?"

அப்போதுதான் உறைத்தது: மூன்று வருடத்தில் அவனுடைய குதிரைப்படை ஒருமுறையாவது என் படையைச் சுற்றிப் பின்னால் வந்ததில்லை. அந்த ஒரு தந்திரம் மட்டும் அவனுக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்! அவனும் என்னைப் போலவே ஒரு தனிக்கட்டை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அன்று இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். கண்ணையும் துடைத்துக்கொண்டோம்.

அந்த மேசை அவனோடு எட்மன்டனுக்குப் போய்விட்டது. பிளாஸ்ரிக் கொம்பனி மூடி, அந்த இடத்தில் சாமான் போட்டுவைக்கும் ஸ்ரோரேஜ் அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல ஜூட் போன் எடுப்பான்; "முதுகு என்னமாதிரி?" என்பதுதான் முதல் கேள்வி. நான் ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்குக் குடிவந்து, வீடு, பிள்ளைகள் என்று ஆகி, குறையொன்றும் இல்லாமல் இருக்கிறேன். கையும் இப்போது அவ்வளவு நடுங்குவதில்லை.

இன்று காலை தேநீரில் கழுவினேனே, அந்தத் தூரிகையால்தான் அறுபதாவது ஆளின் முதுகையும் முடித்தேன். சிவப்பு நன்றாக வந்திருக்கிறது. இனி இவர்கள் எந்த வெட்கமும் இல்லாமல் திரும்பி ஓடலாம். துரத்தத்தான் ஆளில்லை.