மலை விடுதியின் பழைய கணினி

‘மன்னிக்கவும், எங்கள் மென்பொருள் உங்கள் கணினியில் இயங்காது.’ என் வேலையில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் இதுதான். நெட்வொர்க்கில் ஓடும் தகவல் பொட்டலங்களை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை எங்கள் நிறுவனம் விற்கிறது. எந்தக் கணினி எதைக் கேட்டது, எது பதில் சொன்னது என்பதை அதில் வரிவரியாகப் பார்க்கலாம். அது எந்த விண்டோஸில் ஓடும், எந்த லினக்ஸில் ஓடும், மேக் என்றால் எது, நினைவகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் பக்கத்தை எழுதுவது நான். அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கேள்வி அனுப்புகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான்.

சென்னை அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது வடக்கனந்தலில் அப்பா கட்டிய வீட்டுக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. என் திருமணமும் அதற்கு முன்பே முறிந்துபோயிருந்தது. கூடத்தில் சோபா இருந்த இடத்தில் மேசைகளைப் போட்டு, சோதித்துப் பார்ப்பதற்காக வகைக்கு ஒன்றாகக் கணினிகளை வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சன்னல் வழியாக அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாம்மா, எந்நேரமும் வூட்டுக்குள்ளயே கெடக்குற. வேலைக்குப் போவலியா?”

“இதான்க்கா வேலை.”

“இதுவா?” என்றார். மேசைகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

எழுத்தில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கேள்விகள் வரும், பதில் போகும், ‘நன்றி’ என்று ஒரு சொல் வரும், அந்த உரையாடலை மூடிவிடுவேன். ஒரு காலையில் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் கட்டியிருந்தது. முந்தைய நாள் முழுக்க ஒரு வார்த்தைகூட வாய்விட்டுப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த மழைக்காலத்தில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. தடுமாற்றமான ஆங்கிலம். ‘ஐயா, உங்கள் மென்பொருள் எங்கள் கம்ப்யூட்டரில் ஏறமாட்டேன் என்கிறது. பழைய விண்டோஸ், முப்பத்திரண்டு பிட். இரண்டு ஜிபி ராம். என்ன செய்யலாம்?’ கீழே ஒரு மாணவியர் விடுதியின் முகவரி இருந்தது. கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடத்தில் என் மாவட்டத்திலிருந்து ஒரு கேள்வி வந்ததில்லை. விதிப்படி எழுத வேண்டிய பதிலை எழுதினேன்: உங்கள் கணினி முப்பத்திரண்டு பிட் வகை, எங்கள் இப்போதைய பதிப்பு அறுபத்து நான்கு பிட் கணினிகளில் மட்டுமே இயங்கும், பழைய பதிப்பு ஒன்று காப்பகத்தில் உண்டு, ஆனால் அதற்கு நாங்கள் உதவி தருவதில்லை. பிறகு கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்த்தேன். ‘நான் வடக்கனந்தலில்தான் இருக்கிறேன். விருப்பமானால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.’

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அதில் ஒரு கைபேசி எண்ணும், ‘கண்டிப்பா வாங்க’ என்ற இரண்டு சொற்களும் மட்டும் இருந்தன.

ஞாயிறன்று பக்கத்து ஊரான கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கியபோது ஒரு பெண்மணி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். விடுதியின் வார்டன் அவர். கடலூர்ப் பக்கம். என் வயதுதான் இருக்கும்.

“நீங்கதானா அது? எங்கியோ வெளிநாட்டுல குந்திக்கினு ஒருத்தர் பதில் போடறார்னு நெனைச்சேன்,” என்றார். “ஐயான்னு வேற எழுதிட்டேன்.”

பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இருபுறமும் மரவள்ளிக் கொல்லைகள். வண்டி ஓட்டியபடியே தலையை லேசாகத் திருப்பி அவர் கதையைச் சொன்னார். விடுதியில் பகலில் இணையம் நன்றாக வருகிறது. சாயங்காலம் பிள்ளைகள் பள்ளி முடிந்து கணினி முன்னால் உட்காரும் நேரத்தில் போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொருத்தியையும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

“லைன் போட்ட ஆளு ரெண்டு வாட்டி வந்தாரு. பகல்ல வந்து பாத்துட்டு எல்லாம் கரெக்டா இருக்குன்னுட்டாரு. சாயங்காலம் இருந்து பாருங்கன்னா, பஸ் போயிடும்ன்றாரு. நம்பலன்னா பாக்கெட்ட புடிச்சிப் பாத்துக்கோங்கன்னு கிண்டலாச் சொல்லிட்டுப் போனாரு. சரி, அதையுந்தான் புடிச்சிப் பாப்பமேன்னு தேடினேன்.”

விடுதியில் கணினி ஒரு மர பெஞ்சின் மேல் துணி போர்த்தி இருந்தது. பென்டிரைவில் கொண்டுபோன பழைய பதிப்பை ஏற்ற முயன்றேன். பாதியில் நின்றது. மென்பொருள் மட்டும் ஏறினால் போதாது. பொட்டலங்களைப் பிடிக்கத் தனியாக டிரைவர் என்னும் துணை நிரல் ஒன்று வேண்டும், அதை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். வார்டனுக்கு அது தெரியாது. அவருக்கு முன்பிருந்த வார்டனுக்குப் போன் போட்டார். அவர் பேரப்பிள்ளையின் காதுகுத்தில் இருந்தார். யோசித்து, தன் ஊர்ப் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள் என்றார். திறந்துகொண்டது.

பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. சாயங்காலத்துக்காகக் காத்திருந்தோம். அவர் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். திரையில் ஓடும் வரிகளைக் காட்டி, இது இன்னா, அது இன்னா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வேலை செய்வதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தேவைக்கு மேலேயே விளக்கினேன்.

வெளிச்சம் மங்கியதும் சமையல் செய்கிற அம்மா அடுப்படி விளக்கைப் போட்டார். விளையாடப் போயிருந்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கணினியிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றி மறுபடி செருகச் சொன்னேன்; அவர்கள் வழக்கமாகக் கணினியைப் புதிதாகப் போடுவதற்கு அது சமம். இணையம் இல்லை. பிடித்துவைத்த பொட்டலங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கணினியும் கண்விழித்ததும் எனக்கொரு முகவரி கொடுங்கள் என்று நெட்வொர்க்கில் பொதுவாகக் கேட்கும். பகலில் அதற்கு விடுதியின் ரூட்டர் பெட்டி ஒன்றுதான் பதில் சொல்லியிருந்தது. இப்போது இரண்டு பெட்டிகள் பதில் சொல்லியிருந்தன. இரண்டாவது முந்திக்கொண்டு, எங்கேயும் போகாத ஒரு வழியைக் கணினிக்குக் காட்டியிருந்தது.

“இந்த வூட்டுல இன்னொரு ரூட்டர் இருக்குதுங்க,” என்றேன். என் வாயிலும் ஊர்ப்பேச்சு வந்திருந்தது.

“இல்லிங்களே. ஒண்ணுதான்.”

பெட்டியிலிருந்து கிளம்பும் கேபிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனோம். ஒன்று சுவரோரமாக அடுப்படிக்குள் நுழைந்து, பரண்மேல் அடுக்கிய அண்டாக்களுக்குப் பின்னால் போனது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையுமாக ஒரு பழைய ரூட்டர் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. வேறொரு கம்பெனி எப்போதோ இணைப்புக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போனது. அடுப்படி விளக்கைப் போடும் அதே சுவிட்சில் அதற்கும் கரண்ட் வந்தது. விளக்கைப் போட்டால் அதுவும் எழுந்துகொள்ளும்.

சமையல் செய்கிற அம்மா பயந்துபோனார். “நான் லைட்டத்தான் போட்டேன் டீச்சர். வேற எதையும் தொடலியே.”

“உன்ன யாரு இன்னா சொன்னாங்க. நீ கொழம்பப் பாரு,” என்று வார்டன் அவர் தோளைத் தட்டினார். பிறகு அண்டாவுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கேபிளை அவரே பிடுங்கினார்.

கணினியை மறுபடி போட்டதும் விண்ணப்பப் பக்கம் திறந்தது. பிள்ளைகள் பெஞ்சைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கவனிக்கவில்லை.

பஸ் போய்விட்டிருந்ததால் அன்று அங்கேயே தங்கினேன். பிள்ளைகளோடு சாப்பிட்டோம். சாப்பிட்டபின் வார்டன் தன் அறையில் எனக்குப் பாய் விரித்தார். அவருடைய மகன் கடலூரில் பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்தான். கணவர் குவைத்தில். “பேச்சு சத்தத்துக்குக் கொறச்சல் இல்ல இங்க. பொழுதுக்கும் டீச்சர் டீச்சர்னு கூப்புட்டுக்கினே இருக்கும்ங்க. ஆனா எனக்குன்னு பேச யாருமில்லிங்க,” என்றார். எனக்கும் இல்லை என்றேன். அதை யாரிடமாவது சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு அவர் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நாட்களில் சந்தித்தோம். மார்க்கெட்டில் அவரோடு மூட்டை தூக்கினேன். ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்டோம். கோடை விடுமுறையில் அவருக்குக் கடலூர்ப் பக்கமே மாற்றல் கிடைத்தது. மகன் கூடவே இருக்கலாம் என்று போனில் சொன்னபோது அவர் அழுதார். சந்தோஷம் என்று நானும் சொன்னேன், உண்மையாகத்தான்.

பஸ் ஸ்டாண்டில் அவருடைய டிரங்குப் பெட்டியைப் பின்படி வழியாக ஏற்ற உதவினேன். சன்னலோரம் உட்கார்ந்து, “கண்டிப்பா கடலூருக்கு வாங்க,” என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. கொஞ்ச நாள் போன் பேசினோம். பேசும்போது மகன் பக்கத்தில் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பான், ‘அப்புறம் கூப்புடறேங்க’ என்பார். அந்த அப்புறம் மெல்ல நீண்டுபோனது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

விடுதிக்கு வந்த புதிய வார்டன் எங்களுக்கு எதுவும் எழுதியதில்லை. எழுத அவருக்குக் காரணமும் இல்லை. நன்றாக ஓடும் நெட்வொர்க்கைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். நேற்று பின்லாந்திலிருந்து ஒருவர் தன் புதிய லேப்டாப்பின் சிப்புக்கு எங்கள் டிரைவர் பொருந்துமா என்று கேட்டிருந்தார். பொருந்தும் என்று எழுதினேன். பிறகு, அங்கே இப்போது குளிர் எப்படி என்று ஒரு வரி சேர்த்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, அழிக்காமல் அனுப்பினேன்.