ஈர மணல், இருபது கிலோ

என் அறையில் இப்போது இரண்டு டம்பெல்கள் இருக்கின்றன. இரண்டிலும் எடை பொறித்திருக்கிறது. ஐந்து என்றால் ஐந்துதான். ஐப்பசியிலும் ஐந்து, சித்திரையிலும் ஐந்து. அவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த மணல் மூட்டை ஞாபகத்துக்கு வருகிறது. அதன் எடையை நான் ஏழு வாரம் நம்பினேன்.

அப்போது ரயில்வே வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். அடுத்தது உடல்திறன் தேர்வு: முதலில் மூட்டை தூக்குவது, பிறகு ஓட்டம். பெண்கள் இருபது கிலோ மூட்டையை இரண்டு நிமிடத்துக்குள் நூறு மீட்டர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் அவ்வளவுதான், மறுபடி தூக்க விட மாட்டார்கள். நான் இருந்ததோ வாலாஜாபாத் பக்கம் ஒரு கான்கிரீட் கலவை ஆலையில், ஒப்பந்த வேலையில். ஆறு மாதம் முடியும்போதெல்லாம் அடுத்த ஆறு மாதம் உண்டா என்று மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன்.

ஊரில் ஜிம் இருந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் நான் ஆலையில் இருப்பேன். ஆகவே டிப்ளமோ படித்த காலத்தில் மிச்சமான கிராஃப் நோட்டை எடுத்தேன். போனில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதிக்கொண்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுவது, சுவரைக் கைகளால் தள்ளுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் வைத்திருப்பது, கடைசியில் மூட்டை. வாரம் மூன்று நாள். வலது ஓரத்தில் ஒரு பத்தி: எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை.

இரண்டாம் நாளே அண்ணி மாடிக்கு வந்துவிட்டாள். அண்ணன் மனைவி, எனக்கு ஒரு வயது மூத்தவள். பட்டுப்புடவைக் கடையில் நாளெல்லாம் புடவை விரித்து மடிக்கிற வேலை. குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

“எனக்கு ரெண்டே ரெண்டுதான் வேணும்பா. வயிறு உள்ள போவணும். கல்யாண ஜாக்கெட்டோட கை, பிரிச்சித் தெக்காம ஏறணும்.”

“மூணு மாசம் ஆவும் அண்ணி.”

“எழுதிக்கோ. எனக்கும் ஒரு பக்கம் போடு.”

போட்டேன். அவள் பக்கத்தில் வலது ஓரம் எப்போதும் பத்துக்குப் பத்துதான். சுவரைத் தள்ளும்போது எண்ணிக்கையை அவளிடம் விட்டால் ஏழுக்கு அப்புறம் பத்து வரும். கேட்டால், “எங்க கடையில இது தள்ளுபடி” என்பாள்.

மூட்டைக்கு மணல் பக்கத்து வீட்டில் கிடைத்தது. மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு பெய்த மழையில் தெருவோரக் குவியல் ஊறிக் கிடந்தது. கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் அரிசிச் சாக்கில் நிரப்பி, முனைக் கடைத் தராசில் வைத்து, கை கையாகப் போட்டு எடுத்து, மிகச்சரியாக இருபதில் நிறுத்தி வாயைக் கட்டினேன். கடைக்காரருக்கு என் பொறுமை மேல் எரிச்சல்.

வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை டேப் பிடித்து அளந்தேன். ஐம்பது மீட்டர். போய்த் திரும்பினால் நூறு. விடிந்ததும் முடித்துவிட வேண்டும்; தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டிக் கட்டிவிட்டால் மூட்டையோடு அந்தப் பட்டு நூல் பக்கம் போக முடியாது. முதல் நாள் நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ரேஷன் அட்டை.

“இன்னாமா, சொல்லவே இல்ல. அரிசி போடறாங்களா?”

“மணல்கா இது.”

“மணலா? அத இன்னாத்துக்குத் தூக்கிக்கினு போய் திரும்ப இங்கியே கொண்டார?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மூச்சுதான் இல்லை.

முதல் வாரம் வலது ஓரத்தில் ஒன்பது. மூன்றாம் வாரம் எட்டு. ஐந்தாம் வாரம் ஆறு. கிராஃப் தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். கோடு அழகாக இறங்கியது. அந்தக் காலைகளில் இருந்த சந்தோஷம் பிறகு எந்த வேலையிலும் எனக்கு வரவில்லை. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் நேரம் பார்ப்பாள். ஒன்று நாற்பது. ஒன்று முப்பத்திரண்டு. முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு அவித்த முட்டை சாப்பிடுவோம். என் முட்டையின் மஞ்சள் கருவை, “உனக்கு வேணாம்” என்று அவளே எடுத்துக்கொள்வாள். அதையும் நோட்டில் எழுதச் சொல்வாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, மாடியைப் பெருக்கிய அண்ணி மூட்டையை நகர்த்துவதற்குப் பதிலாகத் தூக்கியே விட்டாள்.

“பாத்தியா? அன்னைக்கு அசைக்கக்கூட முடியல. நானும் பலசாலி ஆயிட்டேன்!”

சொல்லிவிட்டுத் தொப்பென்று போட்டாள். சாக்கின் இழை இடுக்குகளிலிருந்து புழுதி கிளம்பியது. புழுதி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அதே சாக்கு தரையில் ஈரத் தடம் விட்டது.

முனைக் கடைத் தராசு பதினேழு கிலோ நானூறு காட்டியது.

ஆலையில் என் வேலை என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். தினமும் காலை மணலை எடுத்து எடை போடுவேன். சூடாக்கிக் காய வைத்து மறுபடி எடை போடுவேன். வித்தியாசம்தான் தண்ணீர், அதைக் கணக்கில் கழித்த பிறகே கலவை ஓடும். இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல்.

அண்ணிக்கு இதெல்லாம் தெரியும். சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். “உனக்குச் சம்பளம் குடுக்கறதே மணலக் காய வெக்கறதுக்குத்தானேமா?” பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காய்ந்த மணலே சேர்த்து, உண்மையான இருபதோடு இறங்கினேன். டிரான்ஸ்பார்மரில் திரும்பிப் பத்து மீட்டர் வருவதற்குள் விரல்கள் விட்டுவிட்டன. மூட்டை தெருவில் விழுந்தது.

அழவில்லை. நோட்டைத் திறந்து, எட்டு நாளில் எதெல்லாம் முடியும் என்று எழுத முயன்றேன். பட்டியல் வரவில்லை. எட்டு நாளில் யாருக்கும் தசை வளராது என்று நானே முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அண்ணி வாசலில் நின்றிருந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“கால் நடுங்குச்சா?”

“இல்ல. கைதான்.”

“கைதானே? சாக்கு வாயப் புடிச்சிக்கினு தொங்கவுட்டா கை போவாம இன்னா ஆவும்? இத்தப் பாரு.” குழந்தையைக் காட்டினாள். “இதும் பத்துக் கிலோ. வாலாஜாபாத் பஸ்ல எங்க அம்மா வூடு வரைக்கும் நின்னுக்கினே தூக்கிக்கினு போறேன். தூங்கற புள்ளய எப்டித் தூக்குவ? தோள்ல சாச்சிக்கோ. ஒரு கை அடியில, ஒரு கை முதுகுல.”

சாய்த்துக்கொண்டேன். மூட்டையின் தலை என் கழுத்தோரம் வந்தது. எடை கையிலிருந்து இடுப்புக்கும் காலுக்கும் இறங்கியது. ஏழு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த கால்கள் அங்கே இருந்தன. அவை மட்டும் மணலைப்போல் காய்ந்துபோகவில்லை. அன்று இரண்டாம் முறை, ஒன்று ஐம்பத்தைந்தில் வாசலுக்கு வந்தேன். ஐந்து நொடி மிச்சம். அதற்குப் பிறகு மூன்று முறைதான் தூக்கினேன், கடைசி இரண்டு நாள் ஓய்வு.

தேர்வு நாளுக்கு முந்தின நாள் சென்னையில் மழை பெய்திருந்தது. மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே மூட்டைகள் கிடந்தன. ஈரமா என்று பார்க்க ஒன்றின் மேல் கை வைக்கப் போனேன்.

“யம்மா, தொடாத. பேர் கூப்ட்டப்புறம்” என்றார் ஊழியர்.

கூப்பிட்டார்கள். குனிந்து, தோளில் சாய்த்து, ஒரு கையை அடியில் கொடுத்து நடந்தேன். கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். நான் முழங்காலை மடக்கி, மெல்ல இறக்கினேன். “அது எழுந்துக்காதுமா, போடு” என்று ஊழியர் சிரித்தார். அடுத்த ஓட்டத்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரத்துக்குள் ஓடி முடித்தேன்.

வெளியே வந்து அண்ணிக்குத்தான் முதலில் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் கடையென்றும் பார்க்காமல் கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“ஆமா, அங்க வெச்சிருந்தது காஞ்ச மணலா, ஈர மணலா?”

“தெரில அண்ணி.”

“தெரிலயா? நீயா?”

“பாக்கல அண்ணி. தூக்கிக்கினு போயிட்டேன்.”