ஆசிட் புட்டியில் ஒரு நட்சத்திர மீன்: பீடோங்கிலிருந்து தஞ்சோங் டாவாய் வரை

தஞ்சோங் டாவாய்க்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஆனால் எழுத வேண்டிய பயணம் முதல் பயணம் ஒன்றுதான். அது நாற்பத்து மூன்றாம் ஆண்டு, மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நடந்தது. அன்றைய செலவுக் கணக்கு இன்று யாருக்கும் உதவாது. இருந்தாலும் வழி அதே வழிதான், கடலும் அதே கடல்தான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பீடோங்கிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அண்ணன் முத்தையா பால்மரம் சீவுகிறவன். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் இருபது பேரைக் கேட்டிருந்தார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதிய பட்டியலில் அண்ணன் பெயர் ஏழாவது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லோரி. அதற்கு முன் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

நான் சுங்கை பட்டாணியில் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பாடம் நடத்திய ஜப்பானியரை சென்செய் என்போம். தன் ஊரில் உயிரியல் வாத்தியாராக இருந்தவராம். எளிய உடம்புள்ள, முதுகெலும்பில்லாத பிராணிகள் ஆறு வகை அவருக்கு வேண்டியிருந்தது. கடற்பஞ்சு, கடற்சாமந்தி, தட்டைப்புழு, உருளைப்புழு, வளையப்புழு, நட்சத்திர மீன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கெடாமல் கொண்டுவந்தால், கொண்டுவருகிறவரைப் பள்ளி வேலையாள் என்று எழுதித் தருவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் வைத்திருப்பவரை லோரியில் ஏற்ற மாட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

கெடாமல் வைக்கச் சாராயமா கிடைக்கும்? வயிற்றுக்கே மரவள்ளிதான். பால் கொட்டகையில் ஒருவர் இருந்தார். கித்தா பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் ஆசிட் அண்ணன். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். விஷயத்தைச் சொன்னதும் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இருப்பிலிருந்து ஒரு புட்டி எடுத்துக் கொடுத்தார். பிடிபட்டால் அடியிலேயே உயிர் போகும்.

"பாலையே ஒரு ராத்திரியில கட்டியாக்கிடும் புள்ள, புழு எம்மாத்திரம்? தண்ணி நெறைய கலந்துக்க லா, கையில பட்டுடப் போவுது."

எங்களுக்கு அது சரியாகவே பட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கெடாமல் வைப்பதென்றால் உறைய வைப்பதுதான்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். டோக்கியோ மணிக்கு ஏழரை என்றால் இங்கே இன்னும் விடிந்திருக்காது. கடிகாரத்தைக்கூட அவர்கள் இஷ்டத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். சைக்கிளுக்கு டயர் கிடையாது. கித்தா துண்டை வளைத்துக் கம்பியால் கட்டியிருந்தான் அண்ணன். உலகத்துக்கே கித்தா கொடுத்த ஊரில் ஒரு டயர் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். அண்ணன் மிதித்தான். நான் பின்னால் ஆறு கண்ணாடிப் புட்டிகளையும் பால் பிடிக்கும் மங்குகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

பீடோங்கிலிருந்து செமிலிங் மூன்று மைல். பாலத்து ஜப்பானியக் காவலில் இறங்கி, குனிந்து வணங்கி, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு மெர்போக், அங்கிருந்து சதுப்புக் காட்டை ஒட்டியே பாதை. தோட்டத்திலிருந்து எல்லாம் சேர்த்துப் பதினாறு மைல். போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிட்டது.

ஒரு மலாய் மீனவர் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சம்பான் படகில் கடல் திட்டு வரைக்கும் கொண்டுபோய் விடக் கேட்டோம். அண்ணன் ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டை நீட்டினான்.

"துவிட் ஜப்பூன் வேண்டாம். வேற என்ன இருக்கு?" என்று அவர் மலாயில் கேட்டார்.

மதியத்துக்கு வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கு நான்கில் மூன்றைக் கொடுத்தோம். அதுதான் போகவரப் படகுக் கூலி. ஒரு மணிக்கு நீர் ஏறிவிடும், அதற்குள் திரும்புங்கள் என்றார்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் படித்த முதல் விலங்கியல். பாறையில் ஒட்டியிருந்த கடற்பஞ்சை எடுத்து அண்ணன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். வாயும் இல்லை, வயிறும் இல்லை, உடம்பெல்லாம் ஓட்டை. அடுத்துக் கடற்சாமந்தி.

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"மூஞ்சி கிடையாதுண்ணே. நடுவுல வாய் மட்டும்தான்."

"அப்ப கித்தா மரம் மாதிரி. எந்தப் பக்கம் நின்னு சீவுனாலும் ஒண்ணுதான்."

பிற்காலத்தில் ஆரச் சமச்சீர் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அவன் சொன்னதைத்தான் விளக்கமாகச் சொன்னேன். கல்லுக்கு அடியில் தட்டைப்புழு இருந்தது. அதற்கு முன் உண்டு பின் உண்டு, இடம் வலம் உண்டு, ஆனால் உடம்புக்கு ஒரே வாசல். தின்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். சேற்றில் தோண்டினால் வளையப்புழு, வளையம் வளையமாகக் கோத்த உடம்பு. வாய் ஒரு முனை, கழிவு மறு முனை. உருளைப்புழுவுக்கும் இரண்டு வாசல், ஆனால் வளையம் இல்லை, வழவழ குழாய். அதைத் தேடி நாங்கள் கடலுக்குப் போகவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில் குடல்பூச்சிக்கு மருந்து குடித்த எந்தப் பிள்ளையிடமும் கிடைக்கும், கிடைத்தது.

நட்சத்திர மீன் கடைசியில் அகப்பட்டது. மணலில் பாதி புதைந்து, உள்ளங்கை அகலம், ஐந்து கை. ஆசிட் தண்ணீரில் போட்டதும் அதைச் சுற்றிக் குமிழி குமிழியாக வந்தது.

"சோடா மாதிரி பொங்குது பாரு" என்று அண்ணன் சிரித்தான். உயிர் போகிறது போலும் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குக் களை பிடுங்கும் வேலை. சனிக்கிழமை காலைதான் பெயர்ச்சீட்டு ஒட்டப் புட்டிகளைத் திறந்தேன். புழுக்கள் விறைத்து நன்றாக இருந்தன. கடற்பஞ்சும் சாமந்தியும் அப்படியே இருந்தன. நட்சத்திர மீனைத் தூக்கினால் நனைந்த துணியாகத் தொங்கியது. அதன் தோலுக்குள் இருந்த சுண்ணாம்பை எல்லாம் ஆசிட் தின்றுவிட்டிருந்தது. மறுபடி கடலுக்குப் போக நேரம் இல்லை. நான் அழுதேன். அண்ணன் அழவில்லை. "இருக்கிறத எடுத்துட்டுப் போவோம்" என்றான்.

சுங்கை பட்டாணிக்கு எட்டு மைல். ஒன்பதே முக்காலுக்குச் சென்செய் மேசையில் புட்டிகளை வைத்தோம். ஐந்தையும் பார்த்துத் தலையாட்டினார். ஆறாவதை எடுத்தார், அது அவர் விரலில் சரிந்து தொங்கியது. எதில் போட்டாய் என்று கேட்டார். பால் உறைய வைக்கும் ஆசிட் என்று சொன்னேன். இழுப்பறையிலிருந்து ஒரு சவரக்கத்தியை எடுத்து அதன் ஒரு கையைக் குறுக்கே அறுத்தார். கோணலாக வந்தது.

அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "குடுங்க சென்செய். பட்டையச் சீவுற மாதிரி சீவணும்" என்று தமிழிலேயே சொல்லிக் கையை நீட்டினான். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவர் கத்தியைக் கொடுத்துவிட்டார். மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் எடுக்கிற கை அது. ஒளி ஊடுருவும் அளவுக்குச் சீவல் சீவலாக வந்தது. சென்செய் ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஐந்து கையிலும் உள்ளே ஒரே அமைப்பு. சுண்ணாம்பு இருந்திருந்தால் இப்படிச் சீவ முடியாது, இதற்காகவே ஆசிட்டில் ஊற வைப்பது உண்டு என்று சொன்னார். அங்கேயே கடிதம் எழுதி முத்திரை குத்தினார்.

திரும்பி வந்த எட்டு மைலும் எங்களுக்குத் தெரியவில்லை. நான் பாடிக்கொண்டே வந்தேன்.

மூன்றரைக்கு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் கிராணியிடம் கடிதத்தைக் கொடுத்தோம். படித்தார், ஏழாவது பெயரை அடித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மறுபடி மையில் தொட்டுக்கொண்டு தலையை நிமிர்த்திக் களத்தைப் பார்த்தார். இருபது பேர் கேட்டிருந்தார்கள். பத்தொன்பது பேரை அனுப்ப முடியாது. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"ஆசிட், நீ ஏறு. கொட்டகையில இப்ப என்ன பெரிய வேலை?"

அண்ணன் வாயைத் திறந்தான். நான் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆசிட் அண்ணன் ஒரு துண்டை மட்டும் எடுத்து வந்தார். லோரிக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அந்த மீனு கெடாம இருந்துச்சா புள்ள?"

"கெடலண்ணே. நல்லா இருந்துச்சு."

"அதான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு ஏறினார். அவர் திரும்பி வரவில்லை. அண்ணன் எழுபது வயதுக்கு மேல் இருந்தான். கடைசிவரை தஞ்சோங் டாவாய்க்கு மட்டும் என்னோடு வந்ததில்லை.

போகிறவர்களுக்கு: பீடோங்கிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நீர் வற்றும் நேரத்தை முதல் நாளே மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். கல்லைப் புரட்டினால் புரட்டியபடியே திருப்பி வையுங்கள், அடியில் தட்டைப்புழு குடியிருக்கும். நட்சத்திர மீனை எடுத்துப் பார்க்கலாம், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தினேன். நட்சத்திர மீனை ஆசிட்டில் போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னேன். அந்த ஆசிட்டைக் கொடுத்தது யார் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. கிராணி ஏழாவது வரியில் எழுதியபோதுதான் அவருடைய சொந்தப் பெயரை நானே முதல்முறை பார்த்தேன். ஆறுமுகம்.