றெஜினா ரீச்சரும் ‘ஃபியர்’ என்ற வினைச்சொல்லும்

காலை பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து இறங்கும்போதே என் கைத்தொலைபேசி அடித்தது. சில கிழமைகளாகவே அந்த ஒலி எனக்குப் பயம். எடுத்துப் பார்க்கக் கை வராது. அன்று திரையில் தெரிந்தது றெஜினா ரீச்சருடைய மச்சாளின் பெயர்.

“சேர், ரீச்சர் எங்களை விட்டுப் போட்டா.”

நெடுந்தீவுப் படகு புறப்பட ஆயத்தமாக நின்றது. நான் ஏறவில்லை.

ரீச்சரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஊர்காவற்றுறையில் பழைய மீனவக் குடும்பமொன்றில் பிறந்தவர். நெடுந்தீவுப் பாடசாலை ஒன்றில் அவர் ஆங்கிலமும் நான் கணிதமும் பல ஆண்டுகள் படிப்பித்தோம். ரீச்சர் மணம் முடிக்கவில்லை. தாயாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். கூடப்பிறந்தவர்களில் எஞ்சியவர் ஒரே தம்பி. அவர் ஜேர்மனியில் இருக்கிறார்.

கடற்கரையில் பிறந்த ஒருவர் கடலுக்கு இப்படிப் பயப்படுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. படகில் ஏறியதும் உள்ளே போய் நடுவில் உட்காருவார். இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொள்வார். கண்கள் மூடியிருக்கும், உதடுகள் செபம் சொல்லிக்கொண்டிருக்கும். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் முகம் வெளிறி, இறங்கும்போது புறங்கை நரம்புகள் புடைத்து நிற்கும். இடமாற்றம் கேட்டு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அவர் வீரத்துக்காக அங்கே படிப்பிக்க வந்தவர் அல்லர். அதை மறைத்ததும் இல்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு மாணவி கடலைப் பற்றிய கட்டுரையில் ‘த ஸீ ஃபியர்ஸ் மீ’ என்று எழுதியிருந்தாள். கடலுக்கு நான் பயம் என்று சொல்ல வந்தவள், கடல் எனக்குப் பயப்படுகிறது என்று எழுதிவிட்டாள். சக ஆசிரியர் ஒருவர் அதை உரக்க வாசித்துச் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை படகுக்குக் காத்து நின்றபோது என்னைக் கூப்பிட்டார்.

“சேர், அந்தப் பிள்ளை எழுதினது முந்தின காலத்திலை சரி. தெரியுமே?”

“எப்பிடி ரீச்சர்?”

“பெரிய அகராதி பார்த்தனான். ‘ஃபியர்’ எண்டால் ஆதியிலை பயப்படுறது இல்லை, பயப்படுத்துறது. எங்கடை தமிழிலை வெருளுறது ஒண்டு, வெருட்டுறது ஒண்டு. அந்தச் சொல்லுக்கு அப்ப வெருட்டுறது எண்ட கருத்துத்தான். வெருளுறது பிறகு வந்தது. கடல் என்னை வெருட்டுது எண்டுதானே பிள்ளை எழுதியிருக்கு!”

அதோடு நிற்கவில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது அதற்குத் திடீர் ஆபத்து என்றுதான் பழைய பொருளாம். அதே வேரில் பிறந்த ஜேர்மன் சொல் இன்றைக்கும் ஆபத்தையே குறிக்கிறது என்று தம்பி தொலைபேசியில் சொன்னாராம்.

“பாருங்கோ சேர். முதலிலை அந்தச் சொல் வெளியிலைதான் கிடந்திருக்கு, ஆபத்தாய். பிறகுதான் மனுசருக்குள்ளை வந்து குந்தியிருக்கு.”

ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகை ஆங்கிலத்தில் ‘ஃபெரி’ என்கிறோமே, அந்தச் சொல்லும் இதற்குத் தூரத்து உறவாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்களாம். இதைச் சொன்னபோது படகைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். எனக்குத் தெரிய, அந்த இறங்குதுறையில் அவர் சிரித்தது அன்று மட்டும்தான்.

“அப்ப அந்தப் பிள்ளைக்குச் சரி போட்டியளோ?”

“இல்லை, பிழைதான் போட்டனான். சோதினையிலை பழைய இங்கிலீசுக்குப் புள்ளி வராது. ஆனால் கூப்பிட்டுச் சொன்னனான், ‘நீ பிழையில்லை பிள்ளை, சில நூறு வருசம் பிந்திப் பிறந்திட்டாய்’ எண்டு.”

அதற்குப் பிந்திய சோளகத்தில்தான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது. பாடசாலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். படகு நிறைய ஆட்கள். பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் அனுப்பப்பட்ட ஒரு பெண்ணைக் கீழே பாயில் படுக்க வைத்திருந்தார்கள். அவளுடைய தாய் தலைமாட்டில் இருந்தார். நடுக்கடலில் எஞ்சின் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

எஞ்சின் நின்ற படகுக்குள் கேட்கும் அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. அலை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியது. படகு சரிந்து, நிமிர்ந்து, முன்னையிலும் கூடச் சரிந்தது. உள்ளே தண்ணீர் தெறித்தது. யாரோ “தாழுது!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்து வாசற்பக்கம் நெருக்கினார்கள். அந்தப் பக்கமே படகு சாய்ந்தது. பாயில் கிடந்த பெண்ணின் தாய் மகளின் வயிற்றின்மேல் கவிழ்ந்து படுத்து, மிதிக்க வந்த கால்களைக் கையால் தள்ளினார். படகுக்காரர் “பயப்படாதேங்கோ, இருங்கோ” என்று கும்பிட்டுக் கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வெட்கமில்லை, நானும் எழுந்துதான் நின்றேன்.

அப்போது அந்தக் குரல் வந்தது. வகுப்பறையில்கூட ரீச்சர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

“இருங்கோ! இருக்காட்டில் இப்ப எல்லாரும் சாகப்போறியள்! இப்பிடித்தான் பிரளும்! நான் கண்டனான்! பிள்ளையளைக் கையிலை வைச்சுக்கொண்டு சாகப்போறியளோ? இருங்கோ கீழை!”

அவர் எழுந்திருக்கவில்லை. பலகையைப் பிடித்தபடியே, கண்கள் விரியத் திறந்து, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கத்தினார். அந்த முகத்தைப் பார்த்தபோது கடலை விட அவருக்குத்தான் பயந்தேன். நான் உடனே இருந்துவிட்டேன். முன்னால் நின்ற பெரிய உடம்புக்காரர் தொப்பென்று உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லோரும் இருந்தார்கள். படகு மெல்ல நிமிர்ந்தது.

மீன்பிடி வள்ளமொன்று வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை யாரும் அசையவில்லை. யாராவது கால் மாற்றினாலும் ரீச்சரின் பார்வை அங்கே போகும்.

கரைக்கு வந்ததும் நோயாளர் வண்டி அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது. பெண் குழந்தை பிறந்ததாகவும் இருவரும் சுகம் என்றும் பிறகு அறிந்தோம். ரீச்சர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். சோடாப் போத்தலைக் கொடுத்தேன்; வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

“இண்டைக்கு அந்தச் சொல்லைப் பழைய கருத்திலை பாவிச்சுப் போட்டன் சேர்” என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

“இடம்பெயர்ந்து போகேக்கை நான் சின்னப் பிள்ளை. வள்ளத்துக்குள்ளை தண்ணி வந்திது. எல்லாரும் எழும்பினவை. ‘பயப்படாதேங்கோ, பயப்படாதேங்கோ’ எண்டு பெரியாக்கள் சொல்லிக்கொண்டே இருந்தவை. ஒருத்தரும் வெருட்டிக் கீழை இருத்தேல்லை. பிரண்டிட்டுது. ஒரு கையிலை தம்பி, மற்றக் கையிலை தங்கச்சி. தம்பியின்ரை கை மட்டும் என்னட்டை இருந்தது.”

அடுத்த நாள் காலை இறங்குதுறையில் அவரைக் கண்டேன். முகம் அதே வெளிறல். படகில் ஏறினார். அதே நடுவிடம், அதே இரண்டு கைகள்.

போன வருடக் கடைசியில் ரீச்சருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டபோது அது பரவியிருந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லோரும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“பயப்படாதேங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ சேர். எனக்குப் பயம்தான். சரியான பயம். பக்கத்திலை கொஞ்ச நேரம் இருங்கோ, அது போதும்.”

இருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து சொல்லும்வரை இருந்தேன். படகுப் பலகையைப் போலவே கட்டில் விளிம்பை அவர் பிடித்திருந்தார். அந்தப் பயத்தில் பொய் இல்லை. அதைத்தான் நான் அவரிடம் மதித்தேன்.

ஊர்காவற்றுறைச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. தம்பிக்கு வரக் கிடைக்கவில்லை. மச்சாள் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் தம்பியின் முகம். காற்றில் பாதரின் செபம் பாதிதான் கேட்டது. கயிறுகளில் பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கம் சட்டென்று தாழ்ந்தது. பெட்டி சரிந்தது.

“மெதுவா! மெதுவா இறக்குங்கோ! அக்கா பயப்பிடுவா!”

தொலைபேசியிலிருந்து வந்த அந்தக் கத்தலுக்கு எல்லோரும் அப்படியே நின்றார்கள். யாரும் அவருக்குச் சமாதானம் சொல்லவில்லை. கயிறு பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, கால்களை ஊன்றி, பெட்டியை நேராக்கினார்கள். பிறகு, உறங்கும் குழந்தையைக் கிடத்துவது போல, மெல்ல மெல்ல, ஆட்டமே இல்லாமல் இறக்கினார்கள்.

போய் வாருங்கள் ரீச்சர். மெதுவாகத்தான் இறக்கினோம்.